தேன் ஓட்ஸ் பிரட்: மேலே கருகுது, உள்ளே களி மாதிரி ஒட்டுது, நடுவில் குழி விழுது. எங்கே தப்பு?

திருச்சி_ஓடிஜி:

வணக்கம். தேன் ஓட்ஸ் பிரட் மூணு தடவை செஞ்சும் ஒரே கோளாறுதான். இருபது நிமிஷத்திலேயே மேல்தோல் கருஞ்சிவப்பா மாறி, தூவின ஓட்ஸ் கருகிடுது. வெளியே எடுத்த பத்து நிமிஷத்துல நடுப்பகுதி உள்வாங்கிடுது. வெட்டினா அடியிலேர்ந்து ஒரு அங்குல உயரத்துக்குக் களி மாதிரி, கத்தியில பசை பிடிக்குது.

அளவு: மைதா 2 கப், கோதுமை மாவு 1 கப், இன்ஸ்டன்ட் ஓட்ஸ் 1 கப், ஓட்ஸ் ஊற சுடுதண்ணி முக்கால் கப், வெதுவெதுப்பான பால் முக்கால் கப், தேன் கால் கப், வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 டீஸ்பூன். பிசையும்போது ரொம்ப ஒட்டினதால மைதா தூவிக்கிட்டே பிசைஞ்சேன், அது எவ்வளவுன்னு அளக்கல.

முதல் தடவை உப்ப விட்டது ஒண்ணரை மணி நேரம், டின்ல போட்டபிறகு ஒரு மணி நேரம். டின் 8 x 4 அங்குலம். 28 லிட்டர் ஓடிஜி (மேசை மேல வைக்கிற சின்ன மின் ஓவன்), நடுத்தட்டு, ரெண்டு ராடும் ஆன், 200 டிகிரி, 25 நிமிஷம். சமையலறையில் இப்போ 33 டிகிரி இருக்கு. கிராம் கணக்குல யாராவது சரியான அளவு சொல்ல முடியுமா? கோதுமை மாவைக் கூட்டவும் ஆசை.

மாவுக்கை:

உங்க அளவை கிராமுக்கு மாத்திப் பார்த்தாலே கோளாறு எல்லாம் தெரிஞ்சிடும்.

மூணு கப் மாவு சுமார் 375 கிராம். தேன் கனமானது, கால் கப்பே 85 கிராம் வரும். அதாவது மாவு எடையில் 22 சதவீதத்துக்கு மேல. இது பன் மாவுக்கான இனிப்பு. தேன்ல அதிகமா இருக்கிறது ஃப்ரக்டோஸ். சாதாரணச் சர்க்கரை 160 டிகிரி வாக்கில் நிறம் மாறும்னா ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே மாற ஆரம்பிச்சிடும். அதனால உள்ளே வேகறதுக்கு முன்னாடியே மேல்தோல் வெந்த நிறத்தைக் காட்டிடும். அந்த நிறத்தை நம்பி நீங்க 25 நிமிஷத்துல எடுத்துட்டீங்க. உள்ளே மாச்சத்து இறுகலை, தாங்க எதுவும் இல்லாததால நடு உள்வாங்குது. களி மாதிரி இருந்ததுக்கும் அதுதான் முதல் காரணம்.

அடுத்தது டின். நீங்க சொன்ன பொருளெல்லாம் சேர்த்தா தூவின மைதா இல்லாமலே 950 கிராம் பிசைஞ்ச மாவு வருது. 8 x 4 டின்னுக்கு 500 கிராம் போதும். எந்த டின்னா இருந்தாலும் விளிம்பு வரை தண்ணி ஊத்தி அளந்துக்கோங்க. வர்ற மில்லிலிட்டரை 2.2-ஆல வகுத்தா அந்த டின்னுக்கான மாவு கிராம் கணக்குல கிடைக்கும். 9 x 5 டின் ஏறக்குறைய 1.9 லிட்டர் பிடிக்கும், அதுக்கு 860 கிராம். கீழே நான் தர்ற அளவு அதுக்குத்தான். கழற்றி மாட்டும் அடித்தட்டு உள்ள டின்ல தண்ணி ஒழுகும், அரிசி கொட்டி அளக்கலாம்.

மூணாவது, அதிகப் புளிப்பு. 33 டிகிரியில் 2 டீஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான பால், மொத்தம் இரண்டரை மணி நேரம். இது டிசம்பர் மாசத்து ஊட்டிக்குச் சரி, நம்ம ஊர் மே மாசத்துக்கு இல்ல. மாவு தன்னோட பலத்தைத் தாண்டி உப்பி நின்னிருக்கும். சூடு பட்டதும் இன்னும் கொஞ்சம் எழும்பி, பிறகு சரியும்.

ஒரு 9 x 5 டின்னுக்கு நான் சொல்றது இது. மைதா 300 கிராம், கோதுமை மாவு 100, ரோல்டு ஓட்ஸ் 70, கொதிக்கிற தண்ணி 180, குளிர்ந்த பால் 120, தேன் 45, உப்பில்லாத வெண்ணெய் 25, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். தேன் ரெண்டு டேபிள்ஸ்பூன் தாராளமா எடுத்தா 45 வந்துடும். ஈஸ்ட் ஒண்ணேகால் டீஸ்பூன். தராசு இல்லாம இதுக்குள்ள இறங்காதீங்க. கோதுமை மாவு ஒரு கப்பை அமுக்கி அள்ளினா 150 கிராம், தளர்வா அள்ளினா 115. இந்த ஒரு வித்தியாசத்துலயே பிரட்டோட குணம் மாறிப்போகும்.

முதல்ல ஓட்ஸ் மேல கொதிக்கிற தண்ணியை ஊத்தி, வெண்ணெயையும் தேனையும் அதிலேயே போட்டுக் கலக்கி மூடிடுங்க. அறைச் சூட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். அவசரம்னா அகலத் தட்டுல பரப்புங்க. விரலை உள்ளே விட்டா சூடு தெரியவே கூடாது. அதுக்கப்புறம்தான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால், மாவு, ஈஸ்ட். இப்ப உப்பு போடாம ஒண்ணாச் சேர்த்து, மூடி 20 நிமிஷம் வைங்க. அந்த நேரத்துல கோதுமை மாவும் ஓட்ஸும் தண்ணியைக் குடிச்சிடும். பிசைய ஆரம்பிக்கும்போது இருக்கிற ஒட்டல் பாதியாக் குறையும். பிறகு உப்பு தூவி, கையால் 10 முதல் 12 நிமிஷம். அஞ்சாவது நிமிஷம் வரைக்கும் ஒட்டத்தான் செய்யும். அந்த இடத்துலதான் எல்லாரும் மைதாவைத் தூவி பிரட்டைக் கல்லாக்கிடறாங்க. கையைத் தண்ணியில நனைச்சுக்கிட்டே பிசைங்க, மாவு வேண்டாம்.

பால் ஏன் குளிர்ந்ததுன்னா, அறையும் மாவும் ஊறின ஓட்ஸும் 33 டிகிரியில் இருக்கும்போது 5 டிகிரி பால் 120 கிராம் சேர்த்தா கலவை 26 டிகிரிக்கு வரும். பிசையற சூட்டுல ரெண்டு மூணு ஏறி 28, 29-ல நிக்கும். ஈஸ்ட்டுக்கு அது வசதியான சூடு, நமக்கும் கைமீறாது. வெதுவெதுப்பான பால் போட்டா பிசைஞ்சு முடிக்கும்போதே 34, 35-க்குப் போயிடும்.

முதல் உப்பல் 50 முதல் 60 நிமிஷம். கடிகாரத்தை விட அளவைப் பாருங்க: ஒரு மடங்கு கூடினா போதும். நேரான சுவருள்ள டப்பாவுல போட்டு ரப்பர் பேண்டால அடையாளம் வச்சா சந்தேகமே வராது. பிறகு காத்தை மெல்ல அமுக்கி எடுத்து, செவ்வகமாத் தட்டி, இறுக்கிச் சுருட்டி டின்ல வைங்க. ரெண்டாவது உப்பல் 30 முதல் 40 நிமிஷம். மாவோட மேடு டின் விளிம்புக்கு ஒரு செ.மீ. மேல வந்ததும் ஈர விரலால அரை அங்குலம் அமுக்கிப் பாருங்க. பள்ளம் மெதுவா எழும்பி, முழுசா மூடாம லேசாத் தடம் நின்னா ஓவனுக்குத் தயார். சட்டுனு எழும்பினா இன்னும் நேரம் வேணும். அப்படியே பள்ளமா நின்னா தாண்டிப்போச்சு. அப்ப அதைச் சுடாதீங்க. எடுத்து அமுக்கி மறுபடி சுருட்டி வைங்க, இருபது நிமிஷத்துல திரும்ப எழும்பும்.

ஓடிஜியை 180-ல பதினஞ்சு நிமிஷம் சுட விட்டு, கீழ்த்தட்டுல வைங்க. நடுத்தட்டுல வச்சா பிரட் எழும்பினதும் மேல் ராடுக்கும் அதுக்கும் ரெண்டு அங்குலம்கூட இருக்காது. 18-வது நிமிஷம் மேலே அலுமினியத் தாளைத் தளர்வா மூடுங்க. மொத்தம் 38 முதல் 42 நிமிஷம். நிறத்தை நம்பாதீங்க. நடுவில் குத்தற தெர்மாமீட்டர் 94 டிகிரி காட்டணும். தெர்மாமீட்டர் இல்லைன்னா தராசு இருக்கே. டின்ல போடும்போது 850 கிராம் இருந்த மாவு, வெந்து டின்னை விட்டு வந்ததும் 755-லேர்ந்து 765-க்குள்ள இருக்கணும். 800 காட்டினா டின் இல்லாம வெறும் கம்பித்தட்டுல இன்னும் எட்டு நிமிஷம் வைங்க.

எடுத்த உடனே டின்லேர்ந்து கவிழ்த்துடணும். டின்லயே ஆற விட்டா நீராவி போக வழியில்லாம அடி நனையும். வெட்ட ரெண்டு மணி நேரமாவது பொறுக்கணும். ஓட்ஸ் பிடிச்சு வச்சிருக்கிற தண்ணி அதிகம், சூட்டோட வெட்டினா நல்லா வெந்த பிரட்டும் பசையாத்தான் தெரியும்.

பாண்_போறணை:

வணக்கம். மேலே சொன்னது நல்ல விளக்கம். நான் ரொறன்ரோப் பக்கம். இங்க இருந்து வாசிக்கிறவைக்கும் பிரயோசனப்படும் எண்டு சில விசயம் சேர்க்கிறன்.

முதலாவது ஓட்ஸ். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் இந்தப் பாணுக்கு (பிரட்டுக்கு) சரிவராது. அது மெல்லிசாத் தட்டிச் சின்னதா நறுக்கினது, கொதிதண்ணி பட்டவுடன கஞ்சியாகிப் போகும். அந்தக் கொழகொழப்பு மாவுக்குள்ள பரவி, மாவு இழுபடுற தன்மையைக் கெடுக்கும். ரோல்டு ஓட்ஸ்தான் வேணும். கனடாவில பெட்டியில லார்ஜ் ஃப்ளேக் எண்டு போட்டிருப்பாங்கள், அதுதான். குயிக் ஓட்ஸ்தான் வீட்டில கிடக்கு எண்டால் கொதிதண்ணி ஊத்தாமல், பச்சைத்தண்ணியில பத்து நிமிசம் மட்டும் ஊறவிடுங்கோ, தண்ணியையும் 20 கிராம் குறையுங்கோ. ஸ்டீல் கட் ஓட்ஸ் எண்டால் அவிச்சுத்தான் போடவேணும், இல்லாட்டில் பல்லில கல்லுக் கடிபடுற மாதிரி இருக்கும்.

ரெண்டாவது மா. கனடாவில விக்கிற சாதாரண ஆல் பர்பஸ் மாவிலேயே புரதம் 13 வீதம் மட்டில இருக்கு. தனியா பிரெட் ஃப்ளவர் வாங்கத் தேவையில்லை. ஆனால் மாவுக்கை தந்த அளவை இங்க செய்தால் மா கொஞ்சம் இறுக்கமா வரும், பாலை 135 ஆக்குங்கோ. குளிர்காலத்தில வீடு 20 டிகிரி எண்டால் குளிர்பால் போடக்கூடாது, இளஞ்சூட்டுப் பால்தான். முதல் உப்பலுக்கு ஒண்டேகால் மணித்தியாலத்துக்கு மேலயும் செல்லும்.

சமையல் குறிப்பு மாறி வாசிக்கிறவைக்கு ஒரு எச்சரிக்கை: இலங்கையில கோதுமை மா எண்டால் வெள்ளை மா, தமிழ்நாட்டில மைதா எண்டு சொல்லுறது. தமிழ்நாட்டுக் கோதுமை மாவை நாங்கள் ஆட்டா மா எண்டுதான் சொல்லுவம். இங்க 300, 100 எண்டு எழுதினதை மாத்தி விளங்கினால் பாண் செங்கல்லாகிப் போகும்.

மேல தூவுற ஓட்ஸ் கருகுறதுக்கும் வழி இருக்கு. காய்ஞ்ச ஓட்ஸை அப்பிடியே தூவினால் பாதி கொட்டுண்டு போகும், மிச்சம் கருகும். மாவைச் சுருட்டி முடிச்சவுடன, ஈரத்துணி ஒண்டை மேசையில விரிச்சு அதில மாவின்ர மேல்பக்கத்தை ஒருக்கா உருட்டுங்கோ. பிறகு தட்டில பரப்பின ரெண்டு மேசைக்கரண்டி ஓட்ஸில உருட்டி, டின்னுக்குள்ள வையுங்கோ. மாவு உப்பிற நேரம் முழுக்க அந்த ஈரத்தில ஓட்ஸ் ஊறும், ஒட்டியும் இருக்கும். சுடமுதல் மேல தேன் பூசவே கூடாது. பூச ஆசை எண்டால், போறணையால (ஓவனால) எடுத்தவுடன பத்துக் கிராம் பட்டரும் ஒரு தேக்கரண்டித் தேனும் உருக்கிப் பூசுங்கோ. வாசமும் போகாது, மினுக்கமும் வரும்.

சக்கிமாவு:

கோதுமை மாவைக் கூட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சப்பாத்திக்கு அரைக்கும் நம் ஊர் மாவில் புரதம் குறைவில்லை. மைதாவை விட அதிகமாகவே இருக்கும். ஆனாலும் பிரட் எழும்புவதில்லை என்றால் அதற்குக் காரணம் இரண்டு. கல் எந்திரத்தில் அழுத்தி, சூடேற அரைப்பதால் மாச்சத்துத் துகள்கள் நிறைய உடைகின்றன. உடைந்த மாச்சத்து தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். சப்பாத்தி மென்மையாக வருவது அதனால்தான். பிரட்டில் அதே குணம் நமக்கு எதிராகத் திரும்புகிறது. மாவிலுள்ள நொதிகள் உடைந்த மாச்சத்தை எளிதில் சர்க்கரையாக்கிவிடும், குடித்த தண்ணீர் வெளியே வரும், உள்பகுதி பசையாகும். இரண்டாவது, தவிட்டுத் துணுக்குகள் மாவைத் தாங்கும் பசையிழைகளை (க்ளூட்டன் இழைகளை) அறுக்கும். ஓட்ஸில் பசைப்புரதமே கிடையாது என்பதால், 400 கிராம் மாவோடு 70 கிராம் ஓட்ஸ் சேர்க்கும்போதே மைதாவின் மேல் சுமை ஏறிவிட்டது. அதற்கு மேல் கோதுமை மாவையும் கூட்டினால் தாங்காது.

நான் போகக்கூடிய எல்லை பாதிக்குப் பாதி: மைதா 200, கோதுமை மாவு 200. தண்ணீரில் 20 கிராம் கூடும். ஊறும் நேரத்தை 20 நிமிடத்திலிருந்து 45 நிமிடமாக்குங்கள், அதில் ஈஸ்டையும் உப்பையும் போட வேண்டாம். தவிடு நன்றாக நனைந்தால் அறுக்கும் கூர்மை குறையும். 45 நிமிடம் கழித்து ஈஸ்டை ஒரு ஸ்பூன் பாலில் கரைத்துச் சேர்த்துப் பிசையலாம். இந்தப் பிரட் மைதா பிரட் அளவுக்கு உயராது. விளிம்புக்குச் சமமாக வந்ததுமே ஓவனில் வைத்துவிடுங்கள், ஒரு செ.மீ. மேலே வரக் காத்திருந்தால் புளித்துப் போகும்.

முழுக்கக் கோதுமை மாவில்தான் வேண்டும் என்பவர்கள் க்ளூட்டன் பவுடர் 20 கிராம் சேர்க்க வேண்டும், அதற்கென்று 25 கிராம் தண்ணீரும் கூடும். பவுடரை உலர்ந்த மாவோடு முதலிலேயே கலந்துவிட வேண்டும். தண்ணீரில் நேராகப் போட்டால் ரப்பர் கட்டிகளாகத் திரண்டுவிடும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் கரையாது.

மாவுக்கை சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு வேறு கருத்து. வெண்ணெயை ஓட்ஸோடு முதலிலேயே கலப்பதை விட, பிசைந்து ஆறேழு நிமிடம் ஆன பிறகு, மெத்தென்ற பதத்தில் சிறு சிறு துண்டுகளாகச் சேர்ப்பது நல்லது. கொழுப்பு முதலிலேயே மாவில் பரவினால் பசையிழை பின்னுவது தாமதமாகும்.

மாவுக்கை:

சக்கிமாவு சொல்றது சரிதான், மிக்ஸர்ல பிசையறவங்க அப்படியே செய்யலாம். கையால பிசையறவங்களுக்காகத்தான் நான் முதல்லயே போடச் சொன்னேன். பாதி பிசைஞ்ச மாவுல வெண்ணெயைச் சேர்த்தா அது வழுக்கி வழுக்கித் துண்டு துண்டாகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திடறாங்க. 25 கிராம் அளவுக்கு வித்தியாசம் பெருசா வராது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு போடறப்ப மட்டும் அவர் முறையைப் பிடிங்க.

டேபிள்டாப் கிரைண்டரோட வர்ற மாவு பிசையும் பாகமும் இதுக்கு நல்லாவே உதவும். நிதானமாச் சுத்தறதால மாவு சூடாகாது. பத்து நிமிஷம் விடுங்க, நடுவில் ரெண்டு தடவை நிறுத்தி ஓரத்தை வழிச்சு விடணும்.

புதுக்கை:

இதே பிரட்டில் எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, மாவு உப்பவே இல்ல. ஈஸ்ட் புதுசு. ஊறின ஓட்ஸ் கொஞ்சம் சூடா இருக்கும்போதே எல்லாத்தையும் சேர்த்துட்டேன், அதனாலயா? ரெண்டாவது, தேனைச் சூடாக்கக் கூடாதுன்னு வீட்டுல பெரியவங்க தடுக்கறாங்க. தேனுக்குப் பதிலா என்ன போடலாம்?

சக்கிமாவு:

ஆமாம், அதனால்தான். ஓட்ஸ் கஞ்சி சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். மேலே தொட்டால் ஆறியதுபோல இருக்கும், நடுவில் 60 டிகிரிகூட இருக்கலாம். 50 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாக ஆரம்பிக்கும், 60-ல் நிச்சயம் செத்துவிடும். மாவில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை கிளறிவிட்டு நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். அந்த மாவைத் தூக்கிப் போட வேண்டாம். 3 கிராம் ஈஸ்டை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, அதோடு ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவும் சேர்த்து மாவில் மறுபடி பிசைந்தால் எழும்பும்.

இனி ஈஸ்ட் வாங்கும்போது பெயரையும் பாருங்கள். பொடி மணல் போலிருப்பது இன்ஸ்டன்ட், மாவில் நேராகப் போடலாம். கடுகு அளவில் உருண்டையாக இருப்பது ஆக்டிவ் டிரை, அதை 38 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் நுரைக்க விட்டுத்தான் போட வேண்டும், எடையும் கால் பங்கு கூடும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சமையலறை மேடையில் வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் சில வாரங்களிலேயே வீரியம் குறைந்துவிடும்.

தேன் விஷயம். ஆயுர்வேதத்தில் சூடாக்கிய தேனை விலக்கச் சொல்லியிருக்கிறது. உணவியல் கணக்கில், தேனைச் சூடாக்கும்போது ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபியூரல் என்ற பொருள் உண்டாகிறது. அது பிரட்டின் மேல்தோலிலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் தேன் சேர்க்காமலே உண்டாகும் பொருள்தான். பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டியதில்லை. 45 கிராம் தேனுக்குப் பதிலாக நாட்டுச்சர்க்கரை 38 கிராமும் தண்ணீர் 8 கிராமும் போடுங்கள். தேனில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் இந்தக் கணக்கு. நிறம் சற்று மெதுவாக வரும், பிரட் ஒரு நாள் முன்னதாகக் காயும், வேறு நஷ்டமில்லை. சாப்பிடும்போது துண்டின் மேல் தேன் தடவிக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான இன்னொன்று: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த பிரட் தரக் கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும், அவை ஓவன் சூட்டில் சாவதில்லை. பிரட்டின் உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. அந்த வீட்டில் நாட்டுச்சர்க்கரைதான் சரி.

பாண்_போறணை:

தேனைப் பற்றி இன்னும் ஒண்டு. எல்லாத் தேனும் ஒரே தடிப்பு இல்லை. மலைத்தேன் தண்ணியா ஓடும், அதைப் போட்டால் பாலைக் கொஞ்சம் குறையுங்கோ. உறைஞ்ச தேன் பழுதில்லை. கொதிதண்ணி ஊத்தின ஓட்ஸில போட்டால் தானாக் கரையும்.

மாவுக்கை:

ரப்பர்த் தோட்டம் சூழ்ந்த குமரி மாவட்டத்துத் தேன் சீக்கிரமே குருணை கட்டும். அதை கலப்படம்னு நினைச்சுக் கொட்டிடாதீங்க, இந்த பிரட்டுக்கு அருமையா இருக்கும். வாசம் மென்மையானதுங்கிறதால ஓட்ஸோட மணத்தை அமுக்காது. வேப்பந்தேன் மாதிரி கசப்போட இருக்கறது இதுக்கு ஒத்துவராது.

திருச்சி_ஓடிஜி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாவுக்கை கொடுத்த அளவை அப்படியே எடை போட்டு, 9 x 5 டின்ல செஞ்சேன். போடும்போது 848 கிராம், வெந்தபிறகு 762. குழி விழல, களி இல்ல, ஓட்ஸ் கருகல. ஒரே ஒரு குறை: டின் விளிம்பை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் நீளமா வெடிச்சிருக்கு. அப்புறம், நாலு பேர் வீட்டுல ஒரு பிரட் மூணு நாள் ஆகுது. மூணாவது நாள் பூஞ்சை வந்துடுமோன்னு ஃபிரிட்ஜ்ல வச்சேன், வறவறன்னு ஆயிடுச்சு. எப்படி வைக்கிறது?

மாவுக்கை:

762 சரியான எடை. பக்கவாட்டுல வெடிக்கிறதுக்குப் பெரும்பாலும் ரெண்டாவது உப்பல் கொஞ்சம் குறைஞ்சதுதான் காரணம். மேல்தோல் காய்ஞ்சு இறுகினபிறகும் உள்ளே மாவு எழும்பிக்கிட்டே இருந்தா பலவீனமான இடத்தைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும். சுருட்டின மடிப்பு முனை ஓரத்துல இருந்தாலும் அங்கேதான் கிழியும். முனையைக் கிள்ளி ஒட்டி, அடிப்பக்கம் வர்ற மாதிரி டின்ல வைங்க. அடுத்த தடவை இன்னும் ஏழெட்டு நிமிஷம் விட்டு, வைக்கிறதுக்கு முன்னாடி மேலே கொஞ்சம் தண்ணி தெளிங்க. எப்பவும் ஒரே பக்கம்தான் வெடிக்குதுன்னா உங்க ஓடிஜி அந்தப் பக்கம் சூடு கூட. 18-வது நிமிஷம் தாள் மூடும்போதே டின்னைத் திருப்பி வச்சிடுங்க.

ஃபிரிட்ஜ் பிரட்டுக்கு எதிரி. மாச்சத்து மறுபடி இறுகிக் காயறது 0 முதல் 5 டிகிரிக்குள்ளதான் வேகமா நடக்கும். வெளியே வச்சா நம்ம ஈரக்காத்துல ரெண்டு நாள், மழைக்காலத்துல ஒண்ணரை நாள்தான். அதனால அன்னைக்கே முழுசா ஆறினதும் எல்லாத்தையும் துண்டு போட்டு, ரெண்டு நாளைக்கானதை மட்டும் பருத்தித் துணியில சுத்தி டப்பாவுல வைங்க. மிச்சத்தைக் காத்து இல்லாத கவர்ல ஃப்ரீசர்ல போடுங்க, துண்டுக்கு நடுவுல பட்டர் பேப்பர் வச்சா ஒட்டாது. எடுத்த துண்டை உருக விடாம நேரா சூடான தோசைக்கல்லுல, மிதமான தீயில, மூடி போட்டு ரெண்டு நிமிஷம், திருப்பி மூடி இல்லாம ஒரு நிமிஷம். தேன் இருக்கிறதால சட்டுனு நிறம் பிடிக்கும், தீயைக் கூட்டாதீங்க.